கொலை முயற்சி, அடிதடி வழக்கில் வீட்டில் ஒருவர் கைதானால்: வக்கீல் அமர்த்துவதற்கு ஒரு வழிகாட்டி

என் தம்பியைக் கைது செய்தது ஒரு வெள்ளிக்கிழமை மாலை. அவன் வீடு திரும்பியது 43-ஆம் நாள். அந்த நாட்களில் பாதிக்கு மேல் எங்களுக்கு விவரம் தெரியாததால் வீணாகப் போனவை. தவறான ஆளிடம் பணம் கொடுத்தோம், தவறான நீதிமன்றத்தில் மனு போட்டோம், ஜாமீன் கிடைத்த பிறகும் காகிதம் தயாராக இல்லாமல் அவனை ஐந்து நாள் உள்ளேயே வைத்திருந்தோம்.

வழக்கு இன்னும் நடக்கிறது. ஆகவே சம்பவத்தைப் பற்றி இங்கே ஒரு வரிகூட எழுத மாட்டேன். நீங்களும் உங்கள் வழக்கைப் பற்றி எங்கும் எழுதாதீர்கள். தமிழ்நாட்டில் இப்படி ஒரு வழக்கில் மாட்டிக்கொண்ட குடும்பம் வக்கீலை எப்படித் தேடுவது, என்ன கேட்பது, எவ்வளவு ஆகும், எந்த நாளில் எது நடக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன். நான் சட்டம் படித்தவள் அல்ல. ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுபவள். உங்கள் வழக்குக்கான ஆலோசனையை உங்கள் வக்கீல்தான் தர வேண்டும். அந்த வக்கீலிடம் போய்ச் சேரும் வரைக்கும் உள்ள பாதைக்குத்தான் இந்தக் கட்டுரை.

1. முதலில் இந்த மூன்று விவரங்களைக் கையில் வாங்குங்கள்

எந்த வக்கீலுக்கு போன் செய்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்விகள் இவை: எந்தக் காவல் நிலையம், குற்ற எண் (முதல் தகவல் அறிக்கையின் எண்) என்ன, என்னென்ன பிரிவு. இந்த மூன்றும் தெரியாமல் பத்து வக்கீல்களுக்கு போன் செய்தும் பயனில்லை. அந்த இரவில் நான் செய்தது அதைத்தான்.

கைது செய்யும்போது கைதுக் குறிப்பாணை ஒன்று எழுத வேண்டும். அதில் குடும்பத்தினர் ஒருவரோ, அந்தப் பகுதியைச் சேர்ந்த மதிக்கத்தக்க ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கைதுக்கான காரணத்தைக் கைதானவருக்கும், கைதான செய்தியை அவர் சொல்லும் உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிக்க வேண்டும். இது காவலர்களின் கடமை, தயங்காமல் கேளுங்கள். கையெழுத்துப் போடும் முன் தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். மாலை ஆறு மணிக்குக் கூட்டிப்போனவரை மறுநாள் காலை ஆறு மணிக்குக் கைது செய்ததாக எழுதியிருந்தால், 24 மணி நேரத்துக்குள் நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்த வேண்டும் என்ற கணக்கே மாறிவிடும்.

முதல் தகவல் அறிக்கையை, உணர்வுபூர்வமான சில வகை வழக்குகள் தவிர, 24 மணி நேரத்துக்குள் காவல்துறையின் இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் உத்தரவிட்டிருக்கிறது. தமிழ்நாடு காவல்துறையின் தளத்தில் மாவட்டம், நிலையம், ஆண்டு, எண் கொடுத்துத் தேடலாம். கிடைக்காவிட்டால் வக்கீல் வழியாக நகல் மனு போடலாம்.

பிரிவு எண்கள் குழப்பும். 2024 ஜூலை 1 அன்றோ அதற்குப் பிறகோ நடந்த சம்பவம் என்றால் பாரதிய நியாய சன்ஹிதா, அதற்கு முந்தையது என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டம். எல்லோரும் வாய்ப்பழக்கத்தில் 307 என்று சொல்லும் கொலை முயற்சி இப்போது 109. பழைய 302 இப்போது 103. ஆயுதத்தால் காயம் ஏற்படுத்துவது 118. 109-உடன் 296(பி), 351(3) போன்றவையும் ஒட்டிக்கொண்டு வரும். அவை ஆபாசமாகத் திட்டியதற்கும் கொலை மிரட்டலுக்கும் உரியவை. எண்கள் நிறைய இருப்பதைப் பார்த்து மிரள வேண்டாம். தலைவிதியைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அவற்றில் பெரிய ஒரே ஒரு பிரிவுதான்.

இன்னொன்று. காகிதங்களில் உங்கள் வீட்டுப் பிள்ளையை ‘எதிரி’ என்று எழுதியிருப்பார்கள். 1-ஆவது எதிரி, 2-ஆவது எதிரி என்று. அம்மா அந்தச் சொல்லைப் படித்துவிட்டு இரவெல்லாம் அழுதார். குற்றம்சாட்டப்பட்டவர் என்பதற்கு நிலையத்தில் எழுதும் வழக்கமான சொல் அது, அவ்வளவுதான்.

2. காவல் நிலைய வாசலில் நிற்கும் ஆளிடம் பணம் கொடுக்காதீர்கள்

நான் செய்த முதல் தவறு இது. நிலையத்துக்கு எதிரே டீக்கடையில் ஒருவர் தானாக வந்து பேசினார். ‘பிரிவைக் குறைத்துவிடலாம், உள்ளே எனக்கு ஆள் இருக்கிறார், வக்கீலையும் நானே ஏற்பாடு செய்கிறேன்’ என்றார். 15,000 ரூபாய் கொடுத்தேன். ரசீது இல்லை. பிரிவு குறையவில்லை. மறுநாள் அவர் போனையே எடுக்கவில்லை.

இப்படி வருபவர் வக்கீல் அல்ல, தரகர். அவர் அழைத்து வரும் வக்கீலிடம் நீங்கள் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு தரகருக்குப் போகும். அதைவிடப் பெரிய ஆபத்து, உங்கள் வழக்கைப் பற்றி நீங்கள் பதற்றத்தில் கொட்டியதெல்லாம் யார் காதுக்கு வேண்டுமானாலும் போகலாம். வக்கீலிடம் நீங்கள் சொல்வதைக் காக்கும் ரகசியப் பாதுகாப்பு சட்டத்தில் உண்டு. தரகரிடம் சொன்னதற்கு அப்படி எதுவும் கிடையாது.

அதே நேரத்தில் கைதானவருக்கு ஒரு செய்தியைக் கொண்டு சேர்க்க முயலுங்கள்: விசாரணையின்போது தன் வக்கீலைச் சந்திக்கும் உரிமை அவருக்கு உண்டு; தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி யாரும் அவரைக் கட்டாயப்படுத்த முடியாது; வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடக் கூடாது. காவலர்களிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் அப்படியே சாட்சியமாகாது. ஆனால் அதை வைத்து ஆயுதம் போன்ற பொருளைக் கைப்பற்றினால், அந்தப் பகுதி மட்டும் வழக்குக்குள் வந்துவிடும்.

இன்னும் கைது செய்யவில்லை, தேடுகிறார்கள் என்ற நிலை என்றால் ஊரை விட்டு ஓடச் சொல்லாதீர்கள். அமர்வு நீதிமன்றத்திலோ (செஷன்ஸ் கோர்ட்) உயர் நீதிமன்றத்திலோ முன்ஜாமீன் கேட்கலாம். வீட்டில் ஒளித்துவைப்பதற்குச் செலவழிக்கும் ஒவ்வொரு நாளும் அந்த மனுவுக்கு எதிராகப் பேசும்.

3. ரிமாண்டுக்கு ஒரு வக்கீல் கட்டாயம் வேண்டும். பணம் இல்லாவிட்டாலும் கிடைப்பார்

ரிமாண்டு என்பது கைதானவரைக் காவலில் வைக்க நடுவர் உத்தரவிடுவது. நடுவர் முன் முதலில் நிறுத்தும் நேரத்தில் எங்கள் பக்கம் யாருமே இல்லை. சனிக்கிழமை என்பதால் நடுவரின் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். எங்களுக்குத் தெரியும்போது அவன் சிறைக்குப் போய்விட்டான். அவன் தலையில் நான்கு தையல் இருந்தது. கைதுக்கு முன் ஒரு சிறிய கிளினிக்கில் போட்டுக்கொண்டு வந்தது, எங்கும் பதிவில்லை. ‘ஏதாவது சொல்ல வேண்டுமா’ என்று நடுவர் கேட்டபோது பயத்தில் ‘ஒன்றுமில்லை’ என்றிருக்கிறான். அந்த ஒரு சொல்லை இன்றுவரை எங்கள் வக்கீல் சுமந்துகொண்டிருக்கிறார்.

பெரிய வக்கீலைத் தேடும் வேலை இரண்டு மூன்று நாள் எடுக்கும். அதுவரை காத்திருக்காதீர்கள். ரிமாண்டுக்கு மட்டும் இலவச சட்ட உதவி வக்கீல் கிடைப்பார். 15100 என்ற எண்ணை அழையுங்கள், அல்லது மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப்படி, காவலில் இருக்கும் எவருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இந்த உதவி உண்டு. பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் அப்படியே. இலவச வக்கீல் என்றால் ஏனோதானோ என்று இருப்பார் என்ற எண்ணம் எனக்கும் இருந்தது. இப்போது பல மாவட்டங்களில் குற்ற வழக்குகளுக்காகவே முழுநேரமும் அமர்த்தப்பட்ட வக்கீல்கள் அந்த ஆணைக்குழுவில் இருக்கிறார்கள். பணவசதி இல்லையென்றால் முழு வழக்கையும் அவர்களிடமே ஒப்படைக்கலாம். அவர்கள் உங்களிடம் பணம் வாங்கக் கூடாது. யாராவது கேட்டால் ஆணைக்குழுச் செயலாளரிடமே சொல்லுங்கள்.

ரிமாண்டில் அந்த வக்கீல் சொல்ல வேண்டியவை: உடலில் உள்ள காயங்கள், கைதான உண்மையான நேரம், அன்றாடம் சாப்பிடும் மருந்து, வயது. பதினெட்டு வயது முடியாதவர் என்றால் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போக வேண்டும். பிறப்புச் சான்றிதழையோ பள்ளிச் சான்றிதழையோ அன்றே காட்டுங்கள்.

4. வழக்குக்கான வக்கீலைத் தேடும் இடம் அமர்வு நீதிமன்றம்

எங்கள் உறவினர் ஒருவர் வக்கீல். பத்திரம், பாகப்பிரிவினை வழக்குகளில் கெட்டிக்காரர், நல்ல மனிதர். ‘சொந்தக்காரர் இருக்கும்போது வெளியே ஏன் போக வேண்டும்’ என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் நீதித்துறை நடுவர் நீதிமன்றத்தில் ஜாமீன் மனு போட்டார். அது தள்ளுபடியாகும் வரை ஒன்பது நாள் போனது. 109 என்பது அமர்வு நீதிமன்றம் விசாரிக்கும் வழக்கு. காயம் ஏற்பட்டிருந்தால் ஆயுள் தண்டனை வரை போகும் பிரிவு. ஆயுள் தண்டனைக்குரிய குற்றத்தில் ஜாமீன் தர நடுவருக்கு அதிகாரம் மிகக் குறுகியது. குற்ற வழக்கு நடத்துபவர் யாரும் அந்த ஒன்பது நாளை இழந்திருக்க மாட்டார்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். மாவட்ட முதன்மை அமர்வு நீதிமன்றத்துக்குக் காலை பத்தரை மணிக்குப் போய்ப் பின் வரிசையில் உட்காருங்கள். பெரும்பாலான வழக்குகளில் நீதிமன்றம் எல்லோருக்கும் திறந்திருக்கும். ஜாமீன் மனுக்கள் கூப்பிடும்போது யார் வழக்குக் கட்டைப் படித்துவிட்டு வந்து பேசுகிறார், யார் ‘வாய்தா வேண்டும்’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார் என்பது இரண்டு நாளில் தெரிந்துவிடும். குறுக்கு விசாரணை நடக்கும் அறையில் ஒரு மணி நேரம் இருந்து பாருங்கள். குரல் உயர்த்திச் சாட்சியை மிரட்டுபவரைவிட, மருத்துவரிடம் காயத்தின் நீள அகலத்தைப் பொறுமையாகக் கேட்பவர்தான் கொலை முயற்சி வழக்குக்கு வேண்டியவர். நீதிமன்றத்தில் தட்டச்சு செய்பவர்கள், நகல் பிரிவில் காத்திருப்பவர்கள், ஏற்கெனவே வழக்கு நடத்தி முடித்த குடும்பங்கள், இவர்களிடம் கேளுங்கள். மூன்று பெயர் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு பதிவைச் சரிபாருங்கள். தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலில் ஒவ்வொரு வக்கீலுக்கும் பதிவெண்ணும் ஆண்டும் உண்டு. அதைக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. ‘நீதிபதி எனக்குத் தெரிந்தவர்’ என்று யாராவது சொன்னால் அந்தப் பெயரை அந்த இடத்திலேயே அடித்துவிடுங்கள். ‘நூறு சதவீதம் விடுதலை’ என்பவரையும் அப்படியே.

5. முதல் சந்திப்புக்கு இவற்றோடு போங்கள்

முதல் தகவல் அறிக்கை, கைதுக் குறிப்பாணை, ஆதார், குடும்ப அட்டை, வேலைக்கான சான்று, முந்தைய வழக்குகள் இருந்தால் அவற்றின் விவரம். முந்தைய வழக்கை மறைக்காதீர்கள். அரசு வழக்கறிஞர் அதை நீதிமன்றத்தில் எழுந்து வாசிக்கும்போது உங்கள் வக்கீல் முதல் முறையாகக் கேட்டால், அன்றைய மனு அதோடு முடிந்துவிடும்.

மருத்துவக் காகிதம் இந்த வகை வழக்கின் முதுகெலும்பு. காயம்பட்டவர் மருத்துவமனைக்கு வந்ததும் பணியில் இருக்கும் மருத்துவர் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார், ஏ.ஆர். காப்பி என்பார்கள். யார் அடித்தது, எத்தனை பேர், எதனால் என்று காயம்பட்டவர் சொன்னது அதில் இருக்கும். புகார் எழுதப்படுவதற்கு முன்பே வந்துவிடும் காகிதம் அது. அங்கே ‘இரண்டு பேர், கட்டையால்’ என்றிருந்து முதல் தகவல் அறிக்கையில் ‘ஐந்து பேர், அரிவாளால்’ என்றிருந்தால் உங்கள் வக்கீலுக்கு அது பொன். உங்கள் தரப்பிலும் காயம் இருந்தால் உடனே அரசு மருத்துவமனைக்குப் போய்ப் பதிவு செய்து, எதிர்ப் புகாரும் கொடுத்து ரசீது வாங்குங்கள். எங்கள் கிளினிக் தையல் கதை உங்களுக்கு வர வேண்டாம்.

சம்பவ இடத்தைச் சுற்றிக் கடைகளில் சி.சி.டி.வி. கேமரா இருந்தால், பதிவு சில நாட்களிலேயே தானாக அழிந்து அதன் மேல் புதியது ஏறிவிடும். பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு வரப் பார்க்காதீர்கள். எந்தக் கடை, எந்தத் திசை நோக்கிய கேமரா என்று எழுதி அன்றே வக்கீலிடம் கொடுங்கள். பாதுகாத்து வைக்கும்படி அவர் முறையாக மனுக் கொடுப்பார்.

சந்திப்பில் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதி எடுத்துப் போங்கள். கடைசி மூன்று ஆண்டுகளில் எத்தனை அமர்வு வழக்குகளைச் சாட்சி விசாரணை முடிய நடத்தினீர்கள்? ஜாமீன் மனுவை எந்த நீதிமன்றத்தில், எந்த நாளில் போடுவீர்கள், ஏன்? நீங்களே வருவீர்களா, ஜூனியரை அனுப்புவீர்களா? இதே வழக்கில் மற்ற எதிரிகளுக்கும் நீங்களே ஆஜராகிறீர்களா?

கடைசிக் கேள்வி மிக முக்கியம். எல்லோருக்கும் சேர்த்து ஒரே வக்கீல் என்றால் செலவு குறையும். ஆனால் ‘வெட்டியது அவன், நான் பக்கத்தில் நின்றேன்’ என்பதுதான் உங்கள் பிள்ளையின் உண்மை என்றால், வெட்டியதாகச் சொல்லப்படுபவரின் வக்கீல் அதை எப்படிச் சொல்வார்? செலவைப் பகிர்ந்துகொள்ள நண்பன் வீட்டார் அழைத்தாலும் இந்த ஒரு விஷயத்தில் உறுதியாக இருங்கள்.

6. பணம்: மொத்தமாகக் கொடுக்காதீர்கள், கட்டம் கட்டமாகக் கொடுங்கள்

வக்கீல் கட்டணத்துக்கு நிர்ணயித்த விலைப்பட்டியல் கிடையாது. ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும். எங்களுக்கு ஆனதைச் சொல்கிறேன். அதை அளவுகோலாக எடுக்க வேண்டாம், எந்தெந்தத் தலைப்பில் செலவு வரும் என்பதற்காகப் பாருங்கள். அமர்வு நீதிமன்ற ஜாமீன் மனுவுக்கு 20,000. உயர் நீதிமன்றக் கிளையில் 50,000. ஜாமீன்தாரர்களை நிறுத்தும் வேலைக்கு 5,000. விசாரணை முழுவதற்கும் 1,20,000 என்று பேசி, குற்றச்சாட்டு வனைந்ததும் (எந்தக் குற்றங்களுக்கு விசாரணை என்று நீதிமன்றம் முறைப்படி எழுதியதும்) ஒரு பங்கு, சாட்சி விசாரணை தொடங்கியதும் ஒரு பங்கு, இறுதி வாதத்தின்போது ஒரு பங்கு. இவற்றுக்கு மேல் தட்டச்சு, நகல், பயணம் என்று சில்லறையாகப் போனது தனி. அந்தச் சில்லறைதான் வீட்டை அரித்தது. தொடக்கத்திலேயே ‘இதில் எது அடக்கம், எது தனி’ என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்.

‘விடுதலை வாங்கித் தந்தால் இவ்வளவு’ என்று முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதை இந்திய பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. அப்படிப் பேசும் வக்கீலைத் தவிர்த்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் ரசீது கேளுங்கள். முடியாவிட்டால் வங்கி வழியாகவோ யு.பி.ஐ. வழியாகவோ அனுப்புங்கள். ‘அரசு வழக்கறிஞருக்குக் கொடுக்க வேண்டும்’, ‘ஆய்வாளருக்குக் கொடுக்க வேண்டும்’ என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அது லஞ்சக் குற்றம், அதுவும் உங்கள் தலையில்.

நகையை அடகு வைக்கும் முன் ஒன்று யோசியுங்கள். இது ஒரு மாதத்தில் முடியும் செலவு இல்லை. ஜாமீனுக்கே எல்லாவற்றையும் கரைத்துவிட்டு, சாட்சி விசாரணை வரும்போது கையில் ஒன்றுமில்லாமல் நிற்கும் குடும்பங்களை நீதிமன்ற வராந்தாவில் பார்த்துவிட்டேன்.

7. வக்காலத்து நாமா

வக்கீல் உங்களுக்காக ஆஜராக, கைதானவரே வக்காலத்து நாமாவில் கையெழுத்திட வேண்டும். அண்ணனோ அப்பாவோ போட முடியாது. அவர் சிறையில் இருந்தால் சிறை அதிகாரியின் மேலொப்பத்துடன் வாங்கி வர வேண்டும். அதற்கு ஓரிரு நாள் பிடிக்கும் என்பதால் வக்கீலை முடிவு செய்த அன்றே தொடங்குங்கள். பெயர், தகப்பனார் பெயர், குற்ற எண் ஆகியவை முதல் தகவல் அறிக்கையில் உள்ளபடி அச்சாக இருக்க வேண்டும்.

சிறைக்கு மனு பார்க்க, அதாவது கைதானவரைச் சந்திக்க, போகும்போது சம்பவத்தைப் பற்றிப் பேசாதீர்கள். சாப்பிட்டாயா, உடம்பு எப்படி இருக்கிறது, வக்கீல் யார், அடுத்த தேதி என்ன, இவை போதும். வழக்கு விவரத்தை அவன் வக்கீலிடம் மட்டும் பேசட்டும்.

8. ஜாமீன்: எந்த நாளில் கேட்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது

நடுவர் நீதிமன்றத்தில் ஒன்பது நாளைத் தொலைத்த பின் அமர்வு நீதிமன்றத்துக்குப் போனோம். 20-ஆம் நாள் மனு வந்தபோது, ‘காயம்பட்டவர் இன்னும் சிகிச்சையில் இருக்கிறார்’ என்று அரசுத் தரப்பு சொன்னது. மனு தள்ளுபடி. அவர் நான்கு நாட்களுக்கு முன்பே வீடு திரும்பிவிட்டார் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த ஒரு தகவல் கையில் இல்லாததால் உயர் நீதிமன்றக் கிளைக்குப் போய், 38-ஆம் நாள் ஜாமீன் வந்தது.

கொலை முயற்சி வழக்கில் நீதிமன்றம் முதலில் பார்ப்பது காயம்பட்டவர் எப்படி இருக்கிறார் என்பதைத்தான். அவர் மருத்துவமனையில் இருக்கும்போது மனு போட்டால் தள்ளுபடி ஆவதற்கே வாய்ப்பு அதிகம். பிறகு மீண்டும் கேட்க, சூழ்நிலையில் மாற்றம் காட்ட வேண்டும். வக்கீல் மூலமாக டிஸ்சார்ஜ் விவரத்தை உறுதி செய்துகொண்டு மனுப் போடச் சொல்லுங்கள். நீங்களே நேரில் போய் விசாரிக்காதீர்கள். காயம்பட்டவரின் வீட்டுப் பக்கம் உங்கள் குடும்பத்தார் யாரும் தலை காட்டக் கூடாது. மன்னிப்புக் கேட்கப் போனாலும் ‘மிரட்ட வந்தார்கள்’ என்று ஒரு புகார் வந்தால் கிடைத்த ஜாமீனும் போய்விடும். சமரசம் பேசித் தருகிறோம் என்று பணம் கேட்பவர்களையும் நம்பாதீர்கள். 109 இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டு முடிக்கக்கூடிய பிரிவு அல்ல.

இரண்டு கணக்குகளை நாட்காட்டியில் குறித்துவையுங்கள். ஒன்று போலீஸ் காவல், அதாவது விசாரணைக்காகக் கைதானவரைக் காவலர்களிடம் ஒப்படைப்பது. புதிய சட்டப்படி மொத்தம் 15 நாள் வரையிலான போலீஸ் காவலைத் துண்டு துண்டாகவும் கேட்கலாம். 109 போன்ற பெரிய பிரிவுகளில் முதல் 60 நாட்களுக்குள், மற்றவற்றில் முதல் 40 நாட்களுக்குள். ரிமாண்டு முடிந்ததும் அந்த ஆபத்து நீங்கிவிட்டது என்று நினைத்து வக்கீல் அசந்திருக்கக் கூடாது.

இரண்டாவது, குற்றப்பத்திரிகைக்கான கெடு. மரண தண்டனை, ஆயுள், பத்து ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றத்துக்கு 90 நாள். மற்றவற்றுக்கு 60 நாள். அதற்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும். நாளை எண்ண வேண்டியது ரிமாண்டு செய்த நாளிலிருந்து. அந்த நாளும் சேரும். 91-ஆம் நாள் காலை நீதிமன்றம் திறக்கும்போதே மனு உள்ளே போக வேண்டும். நீங்கள் மனுப் போடுவதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். வக்கீலுக்கு நூறு வழக்கு இருக்கும். நாளை எண்ணி அவருக்கு நினைவூட்டுவது குடும்பத்தின் வேலை.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர்ந்திருந்தால் பாதை வேறு. முன்ஜாமீனுக்குப் பொதுவாகத் தடை. ஜாமீன் சிறப்பு நீதிமன்றத்தில் கேட்க வேண்டும், பாதிக்கப்பட்டவர் தரப்பையும் கேட்பார்கள், மறுத்தால் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு. அந்த வழக்குகளை நடத்திப் பழகியவரையே அமர்த்துங்கள். அதேபோல் முந்தைய வழக்குகள் இருந்தால் குண்டர் தடுப்புச் சட்டத்தில் போடுவார்களா என்று கேட்டுவையுங்கள். 1982-ஆம் ஆண்டின் அந்தச் சட்டப்படி ஓராண்டு வரை தடுத்துவைக்கலாம். ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாமல் போகும். அந்த ஆணை வந்தால் அதற்கான முறையீட்டையும் ஆட்கொணர்வு மனுவையும் தனியாக, உடனே தொடங்க வேண்டும்.

9. ஜாமீன்தாரர்களை முன்கூட்டியே தயார் செய்யுங்கள்

உத்தரவு கையில் வந்தும் நாங்கள் ஐந்து நாள் தவித்தது இதனால்தான். வழக்கமாக இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ரத்த உறவாக இருக்கச் சொல்வதும் உண்டு. புகைப்படம், இடது கைப் பெருவிரல் ரேகை, ஆதார் அல்லது வங்கிக் கணக்குப் புத்தகத்தின் நகல் கேட்பார்கள். பல நீதிமன்றங்கள் வீட்டு வரி ரசீது, பட்டா, கிராம நிர்வாக அலுவலரின் அல்லது வட்டாட்சியரின் சொத்து மதிப்புச் சான்று ஆகியவற்றையும் கேட்கின்றன. சான்று வாங்குவதற்கே இரண்டு மூன்று நாள். வரி பாக்கி இருந்தால் இன்னும் தாமதம். எங்கள் சித்தப்பாவின் பட்டா தாத்தா பெயரிலேயே இருந்தது. கடைசி நேரத்தில் வேறு ஆளைத் தேடினோம். மனுப் போடும் அன்றே மூன்று பேரைத் தயாராக வையுங்கள், ஒருவர் கூடுதலாக.

காசு வாங்கிக்கொண்டு ஜாமீன் நிற்கும் ஆட்கள் நீதிமன்ற வாசலில் கிடைப்பார்கள். வேண்டாம். காகிதம் போலி என்று தெரிந்தால் புதிதாக ஒரு வழக்கு வரும். ஆளே கிடைக்காவிட்டால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் சொல்லுங்கள். ஜாமீன் கிடைத்து ஏழு நாளாகியும் ஒருவர் வெளியே வரவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் அந்த ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும், ஒரு மாதத்துக்குள் பிணை கொடுக்க முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவதை நீதிமன்றம் பரிசீலிக்கலாம் என்றும் உச்ச நீதிமன்றம் 2023-இல் சொல்லியிருக்கிறது.

வெளியே வந்ததும் தினமும் காலை நிலையத்தில் கையெழுத்துப் போடச் சொல்லியிருப்பார்கள். காய்ச்சல் என்றாலும் போய்ப் போடுங்கள். முடியவே முடியாவிட்டால் மருத்துவச் சான்றோடு வக்கீலிடம் அன்றே சொல்லுங்கள். சில வாரங்கள் ஒழுங்காகப் போட்ட பிறகு தளர்வு மனுப் போடலாம்.

10. அதன் பிறகு, தேவைப்பட்டால் வக்கீலை மாற்றுவது

குற்றப்பத்திரிகையின் நகலும் சாட்சிகளின் வாக்குமூலங்களும் உங்களுக்கு இலவசமாகவே தரப்பட வேண்டும். வாங்கியதும் முழுவதையும் ஒரு நகல் எடுத்து வீட்டில் வையுங்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் வழக்கின் சி.என்.ஆர். எண்ணை (ஒவ்வொரு வழக்குக்கும் உள்ள தனி அடையாள எண்) போட்டால் அடுத்த வாய்தா தேதி தெரியும். குற்றம்சாட்டப்பட்டவர் வாய்தாவுக்கு வராமல் இருந்து, வக்கீலும் மனுப் போடாவிட்டால் பிடியாணை வரும். ‘வக்கீல் பார்த்துக்கொள்வார்’ என்று இருக்காதீர்கள்.

மூன்று வாய்தாவுக்கு வக்கீலே வரவில்லை, சாட்சி வந்த அன்று குறுக்கு விசாரணை செய்யாமல் தள்ளிப்போடுகிறார், கேட்டால் பதில் இல்லை என்றால் மாற்றலாம். அது உங்கள் உரிமை. முதலில் நேரில் போய் மரியாதையாகச் சொல்லுங்கள். பழைய வக்காலத்தில் ஆட்சேபனை இல்லை என்று எழுதி வாங்குங்கள். அவர் தர மறுத்தால் நீதிமன்றத்திடமே அனுமதி கேட்கலாம். கட்டணப் பாக்கிக்காக வழக்குக் கட்டைப் பிடித்துவைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-இலேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பாக்கியை வசூலிக்க அவருக்கு வேறு வழி உண்டு. மோசமான நடத்தை என்றால் பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம்.

மாற்றும் முன் அடுத்த வாய்தா எப்போது, அன்று என்ன நடக்கப்போகிறது என்று பாருங்கள். சாட்சி விசாரணைக்கு முந்தைய நாள் புதியவரிடம் கட்டைக் கொடுத்தால் அவரும் வாய்தாதான் கேட்பார், நீதிமன்றம் தராமலும் போகலாம். குறைந்தது பத்து நாளாவது இடைவெளி விட்டு மாற்றுங்கள். புதிய வக்கீலின் முதல் சந்திப்புக்குக் குற்றப்பத்திரிகையின் நகல், இதுவரை போட்ட ஒவ்வொரு மனு, அவற்றின் மீதான உத்தரவு, விபத்துப் பதிவேட்டு நகல், கொடுத்த பணத்தின் கணக்கு ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துப் போங்கள்.